வைக்கோலும் உப்பும்: வன்னி மண்ணில் நாரின் வரலாறு

வன்னி நாட்டின் பழைய வீடுகள் மண்ணால் எழுந்தவை. காட்டுத் தடிகளை நட்டு, அவற்றின் குறுக்கே வரிச்சுக் கம்புகளை நாரினால் வரிந்து கட்டி, அந்தச் சட்டத்தின் இருபுறமும் குழைத்த மண்ணை அப்பிச் சுவர் எழுப்புவது அங்குள்ள குடியானவரின் வழக்கமாக இருந்தது. மண் குழைப்பவர் வெறும் மண்ணை மட்டும் குழைப்பதில்லை. வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி மண்ணோடு கலந்து, நீர் விட்டு, காலால் நெடுநேரம் மிதித்துப் பதப்படுத்துவர். வைக்கோல் இடாத சுவர் காயும்போது வெடிக்கும். வைக்கோல் இட்ட சுவர் வெடிப்பதும் குறைவு, வெடித்தாலும் பிளந்து வீழ்வதில்லை. இதனை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றான்.

இந்த எளிய செயலில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. மண் அமுக்கத்தைத் தாங்கும். ஆனால் இழுவையைத் தாங்காது. நாரோ இழுவையைத் தாங்கும். ஆனால் தனித்து நிற்காது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சுவரில் வெடிப்பு ஓடத் தொடங்கும்போது, அதன் குறுக்கே கிடக்கும் வைக்கோல் துண்டு இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. பற்றும் பசையும் தாங்கும் நாரும் சேர்ந்து தனித்தனியே தமக்கு இல்லாத வலிமையைப் பெறும் இத்தகைய சேர்க்கையை இன்றைய அறிவியல் கூட்டுப்பொருள் என்று அழைக்கின்றது. வானூர்தியின் இறக்கையும், காற்றாலையின் அலகும், முல்லைத்தீவுக் கடலில் ஓடும் படகும் இந்த ஒரே விதியின் வழி வந்தவை. அவற்றின் மூதாதையரில் வன்னியின் மண்சுவரும் ஒன்று எனக் கூறுவது மிகையாகாது.

நாரின் அருமையை வன்னி மக்கள் சுவரில் மட்டும் கண்டாரல்லர். காட்டில் ஆத்தி மரத்தின் பட்டையை உரித்து நார் எடுத்துக் கட்டுக்குப் பயன்படுத்தினர். மரல் என்னும் செடியின் நீண்ட இலையை வழித்து எடுக்கும் வெண்ணார் வில்லுக்கு நாணாகும் அளவுக்கு உறுதியுடையது. ஆங்கிலேயரும் அச்செடிக்கு வில்நாண் சணல் என்றே பெயரிட்டனர். பனையின் மட்டையடியிலிருந்து எடுக்கும் தும்பு யாழ்ப்பாணத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே தூரிகையாகவும் துடைப்பமாகவும் மாறியது. தும்பை இங்கிருந்து மூட்டையாகக் கொடுத்து, தூரிகையை அங்கிருந்து விலைக்கு வாங்குவது குடியேற்ற ஆட்சிக் காலத்தின் வணிக முறையாயிற்று. அந்த முறை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை இவ்வரலாறு பின்னரும் காட்டும்.

ஆத்தி, மரல், பனை, நெல் எனச் செடிகள் வேறாயினும் அவற்றின் நார் அனைத்துக்கும் அடிப்படையான பொருள் ஒன்றே. இதனை முதலில் தெளிவாக உணர்த்தியவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் அன்செல்ம் பேயன். அவர் 1838 ஆம் ஆண்டில் பல்வேறு தாவரங்களின் பகுதிகளை அமிலத்தாலும் காரத்தாலும் கழுவிப் பார்த்தார். பஞ்சாயினும் மரமாயினும் கழுவி எஞ்சிய வெண்பொருள் ஒரே அமைப்புடையதாக இருந்தது. அதற்குச் செலுலோசு என்னும் பெயர் வழங்கலாயிற்று. உலகிலுள்ள எல்லாத் தாவரங்களும் ஞாயிற்றின் ஒளியையும் காற்றையும் நீரையும் கொண்டு ஓயாது நெய்துவரும் நூல் இதுவே.

இந்நூலின் அமைப்பு வியக்கத்தக்கது. கப்பற் கயிற்றைப் பிரித்தால் புரிகள் தெரியும். புரியைப் பிரித்தால் இழைகள் தெரியும். இழையைப் பிரித்தால் தும்பு தெரியும். அதுபோலவே ஒரு வைக்கோல் தாளைப் பிரித்தால் நார்க்கலங்கள் தெரியும். அக்கலத்தின் சுவரைப் பிரித்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைக் கற்றைகளும், அவற்றைப் பிரித்தால் மூன்று அல்லது நான்கு நனோமீற்றர் தடிப்புள்ள அடியிழைகளும் இருக்கும். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ எண்பதாயிரம் நனோமீற்றர் தடிப்புடையது என்றால், இந்த இழையின் நுண்மையை ஒருவாறு மனத்தில் கொள்ளலாம்.

நுண்மையே இங்கு வலிமையுமாகின்றது. 1962 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சகுரதாவும் அவர்தம் துணைவரும் செலுலோசுப் பளிங்கின் விறைப்பை எக்சுக்கதிரின் துணையால் அளந்தனர். அது ஏறத்தாழ 137 கிகாபசுகால் என அறியப்பட்டது. படகு கட்டப் பயன்படும் கண்ணாடித்தும்பின் விறைப்பு ஏறத்தாழ 70 மட்டுமே. நிறையிலோ செலுலோசு இலேசானது. ஒரு கன சென்ரிமீற்றர் கண்ணாடி இரண்டரைக் கிராம் என்றால் அதே அளவு செலுலோசு ஒன்றரைக் கிராமே. ஆனால் இந்த வலிமை முழு வைக்கோல் தாளுக்கு உரியதன்று. தாளில் இலிக்னின், எமிசெலுலோசு, மணற்சத்தான சிலிக்கா முதலியன கலந்து கிடக்கின்றன. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் பின்னியும் கிடக்கின்றன. வைக்கோலில் வலிமை இருக்கின்றது. ஆனால் அது பிரித்தெடுக்கப்படாமல் இருக்கின்றது. மனிதர் செய்த முயற்சியெல்லாம் இந்தப் பிரித்தெடுத்தலைப் பற்றியதே.

நாரின் கதை இவ்வாறிருக்க, அதனைப் பிடிக்கும் பசையின் கதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. 1907 ஆம் ஆண்டில் லியோ பேக்லண்டு என்பவர் பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்து, சூட்டில் இறுகியபின் மீண்டும் உருகாத ஒரு பிசினை ஆக்கினார். இப்பிசின் தனித்து நொறுங்கக்கூடியது. எனவே மரத்தூளும் துணியும் காகிதமும் அதனுள் இடப்பட்டன. வன்னிக் குடியானவன் மண்ணில் வைக்கோல் இட்ட காரணத்துக்காகவே அமெரிக்கத் தொழிலாளி பிசினில் மரத்தூள் இட்டான்.

இரண்டாம் உலகப் போர் இத்துறையைப் பெரிதும் முன்தள்ளியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்சுக்கு அருகிலுள்ள டக்சுபோட்டில் நோர்மன் டி புரூயின் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நிறுவனம் நடத்திவந்தார். போருக்கு வேண்டிய அலுமினியம் கிடையாமற் போகுமோ என்ற அச்சம் எழுந்த காலம் அது. ஆளிச் செடியின் நாரைப் பிசினில் தோய்த்து அழுத்தி அவர் ஒரு தகட்டுப் பொருளை ஆக்கினார். அப்பொருளால் சிபிற்பயர் போர் விமானத்தின் உடற்பகுதி ஒன்று சோதனையாகக் கட்டப்பட்டது. அலுமினியம் தட்டின்றிக் கிடைத்தமையால் அம்முயற்சி மேலே செல்லவில்லை. எனினும், செடியின் நார் விமானத்துக்கும் ஏற்றது என்பதை அது எடுத்துக்காட்டியது.

எப்பொட்சி என்னும் பிசின் பிறந்ததும் இக்காலத்திலேதான். சுவிற்சர்லாந்தில் பற்கட்டும் பொருள்கள் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றிய பியர் காசுத்தான், பல் செய்வதற்கு ஏற்ற பிசினைத் தேடும்போது 1930களின் இறுதியில் இதனைக் கண்டார். ஐக்கிய அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவரும் தனித்து இதே வழியில் முன்னேறினார். காசுத்தானின் கண்டுபிடிப்பைச் சீபா என்னும் நிறுவனம் பெற்று, 1946 ஆம் ஆண்டில் அரல்டைற் என்னும் பெயருடன் உலகுக்கு அறிமுகஞ் செய்தது. உடைந்த கோப்பையை ஒட்டுவதற்கு இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையாக இப்பெயரை இன்று இல்லத்தரசிகளும் அறிவர். ஒரு குழாயில் பிசின். மற்றதில் அதனை இறுக்கும் பொருள். இரண்டும் கலந்தவுடன் மூலக்கூறுகள் கைகோத்து வலையாகி இறுகுகின்றன. அவ்வாறு இறுகிய எப்பொட்சி உலோகத்தையும் கண்ணாடியையும் மரத்தையும் பற்றிப் பிடிக்கும். ஆனால் அதன் விறைப்பு ஏறத்தாழ 3 கிகாபசுகாலே. ஆகவே அதற்கும் நாரின் துணை வேண்டும்.

அத்துணையாகச் செடியின் நாரை விட்டுக் கண்ணாடித்தும்பையே உலகம் தேர்ந்துகொண்டது. உருக்கிய கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்திருந்தது. கண்ணாடி இழை ஒரே சீரானது, நீரை உறிஞ்சாது, பருவத்துக்குப் பருவம் மாறாது. இலங்கையின் வடக்கிலும் அது விரைவில் வந்து சேர்ந்தது. நோர்வே நாட்டாரின் உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் மீன்பிடித் தொழிலுக்கு வேண்டிய கண்ணாடித்தும்புப் படகுகளைக் கட்டலாயிற்று. மரத்தால் ஆகிய வள்ளங்களின் இடத்தைக் காலப்போக்கில் இப்படகுகள் பிடித்துக்கொண்டன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தபின் வழங்கப்பட்ட படகுகளிலும் மிகப் பல கண்ணாடித்தும்புப் படகுகளே. தும்பும் பிசினும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. உடைந்த படகை உருக்கி மறுபடியும் வார்க்க இயலாது, அது மக்குவதுமில்லை.

இனி வன்னியின் வரலாற்றுக்குத் திரும்புவோம். செடியின் நாரைப் பிரிப்பதற்கு வேண்டிய முதற்கருவி கத்தியோ பொறியோ அன்று, காரம். எரிசோடா எனப்படும் சோடியம் ஐதரொட்சைட்டில் வைக்கோலைக் காய்ச்சினால், நார்களை ஒட்டிவைத்திருக்கும் இலிக்னின் கரைந்து நீங்கும். பின்னர்க் குளோரீன் சார்ந்த பொருளால் வெளுத்தால் தூய செலுலோசு கிடைக்கும். காகிதத் தொழிலின் ஒரு பெரும்பகுதி 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இந்த முறையை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. எரிசோடாவும் குளோரீனும் எங்கிருந்து கிடைக்கின்றன? இரண்டும் உப்பிலிருந்தே கிடைக்கின்றன. உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தினால் ஒரு முனையில் குளோரீன் வாயு எழுகின்றது. மறு முனையில் ஐதரசன் எழ, கரைசலில் எரிசோடா உண்டாகின்றது. நாற்பது பங்கு எரிசோடா பிறக்கும்போது முப்பத்தைந்தரைப் பங்கு குளோரீன் உடன்பிறக்கின்றது.

கண்டி வீதியில் கிளிநொச்சியைக் கடந்து வடக்கே செல்வோர், முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தன் சந்தியை அடைவர். அதற்கு அப்பால் ஆனையிறவுக் கடனீரேரி; அதன் ஓரத்தில் உப்பளம். உப்பு அருகிருப்பதைக் கருத்திற்கொண்டே பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. விடுதலை பெற்ற இலங்கையில் 1948 முதல் 1953 வரை கைத்தொழில், மீன்பிடி அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடு மூன்று தொழிற்சாலைகளை மக்கள் இன்றும் சேர்த்துச் சொல்வர்: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை.

இம்மூன்றில் பின்னிரண்டும் இவ்வரலாற்றுக்கு நேரே உரியவை. 1950களில் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனை ஆலை வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் மூலப்பொருளாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. வைக்கோலிலிருந்து நாரைப் பிரிக்க அதற்கு எரிசோடா வேண்டும். பரந்தன் எரிசோடா காகிதத் தொழிலுக்கும் சவர்க்காரத் தொழிலுக்கும் பயன்பட்டது. பரந்தன் குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கப் பயன்பட்டது. ஆனையிறவின் உப்பு, பரந்தனின் எரிசோடா, வயலின் வைக்கோல், வாழைச்சேனையின் காகிதம் என்று ஒரு சங்கிலி உருவாயிற்று. நார் உள்ள நாடே நாரைப் பிரிக்கும் அறிவையும் பொருளையும் தன்னிடத்திலேயே கொண்டிருந்த காலம் அது. தும்பைக் கொடுத்துத் தூரிகை வாங்கிய பழைய வணிக முறையிலிருந்து விலகி வைத்த முதலடி எனவும் அதனைக் கூறலாம். பரந்தனிலும் அதனைச் சுற்றிய ஊர்களிலும் தொழிற்சாலைச் சங்கொலியைக் கொண்டு நேரம் அறிந்த குடும்பங்கள் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தன.

அச்சங்கிலி 1980களில் அறுந்தது. உள்நாட்டுப் போர் மூண்டபின் பரந்தன் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. பின்னர் அக்கட்டடங்கள் சிதைந்தன. ஆனையிறவு பலமுறை போர்க்களமாயிற்று, உப்பளமும் அழிந்தது. தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் கொழும்பிலிருந்து குளோரீனை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனமாயிற்று. 2009 இல் போர் முடிந்து மக்கள் மீண்டும் குடியேறினர். ஆனையிறவில் உப்பு விளைச்சலும் மறுபடி தொடங்கிற்று. ஆனால் உப்பை எரிசோடாவாக்கும் தொழில் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. வீடுகள் பலவற்றை எழுப்பிய காலத்திலும், மண்சுவரின் இடத்தைச் சீமெந்துக் கல்லே பிடித்தது.

வன்னியில் இச்சங்கிலி அறுந்த அதே காலத்தில், உலகின் வேறு பகுதியில் செலுலோசின் வரலாறு ஒரு புதிய திருப்பத்தை அடைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் டர்பாக், சினைடர், சான்பேர்க் என்னும் மூவர் 1970களின் பிற்பகுதியில் ஒரு சோதனை செய்தனர். பாலிலுள்ள கொழுப்பைச் சிதறடித்து ஒருசீராக்குவதற்குப் பாற்பண்ணைகளில் ஒரு பொறி உண்டு. அப்பொறியினூடாக மரக்கூழை உயர்ந்த அழுத்தத்தில் பலமுறை செலுத்தினர். நூற்றுக்கு ஓரிரு பங்கு நாரே உள்ள நீர், களிபோலத் தடித்து நின்றது. நார்க்கலம் பிரிந்து அதன் நுண்ணிழைகள் நீரெங்கும் வலையாக விரிந்தமையே காரணம். 1983 இல் அவர்கள் இதனை விரிவாக வெளியிட்டனர். ஆனால் ஒரு தொன் இழை பெற 25,000 கிலோவாற்று மணிக்கு மேல் மின்சாரம் செலவாயிற்று. அதனால் அம்முறை நெடுங்காலம் ஆய்வுகூடத்தை விட்டு வெளிவரவில்லை.

இதற்கு வழி கண்டவர்களுள் யப்பானியர் முதன்மையானோர். 2006 ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைற்றோ, இசோகாய் முதலியோர், இழைகளின் மேற்பரப்பை முன்னதாகவே இரசாயன முறையில் மாற்றினர். மேற்பரப்பில் ஒத்த மின்னேற்றம் அமைந்தமையால் இழைகள் ஒன்றையொன்று விலக்கின. பின்னர்ச் சிறிய முயற்சியாலேயே அவை மூன்று, நான்கு நனோமீற்றர் இழைகளாகப் பிரிந்தன. இப்பணிக்காக இசோகாய், சைற்றோ, நிசியாமா ஆகிய மூவருக்கும் 2015 இல் சுவீடன் நாட்டின் மார்க்கசு வாலன்பேர்க் பரிசு வழங்கப்பட்டது.

கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் யானோவும் துணைவரும் நனோநாரை எப்பொட்சி முதலிய பிசின்களுடன் சேர்த்தனர். பற்றீரியா நெய்த செலுலோசு வலையைப் பிசினில் தோய்த்து, 2005 இல் அவர்கள் வெளியிட்ட கூட்டுப்பொருளில் நிறையில் நூற்றுக்கு எழுபது பங்கு வரை நாராகவே இருந்தது. இருந்தும் அது கண்ணாடிபோல ஒளியைப் புகவிட்டது. இழையின் தடிப்பு ஒளியின் அலைநீளத்தைவிட மிகக் குறைந்ததாதலால் ஒளி அதில் மோதிச் சிதறவில்லை. சூட்டில் அது விரிவதும் மிகக் குறைவாக இருந்தது. பின்னர் 2009 இல் அதே பல்கலைக்கழகத்தார் மரம், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு நெல் வைக்கோலிலிருந்தும் நனோநாரை எடுத்து ஒப்பிட்டனர். மரத்திலிருந்து கிடைத்ததைப் போன்ற நுண்ணிழை வைக்கோலிலிருந்தும் கிடைத்தது. அவர்கள் கையாண்ட முறையிலும் முதற்படி பழைய முறையே: காரத்தாலும் குளோரீன் சேர்வையாலும் கழுவுதல்.

கழுவிய நாரை ஒருபோதும் உலரவிடாமல் ஈரமாகவே அரைத்தமை அவர்களது வெற்றியின் இரகசியம். செலுலோசு இழைகள் நீரை விரும்புவன. நீர் நீங்கினால் அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். பின்னர்ப் பிரிப்பது அரிது. எப்பொட்சியோ நீரோடு சேராதது. நீரிலேயே பிரிந்து நிற்கும் இழையை, நீரை வெறுக்கும் பிசினுக்குள் கட்டி விழாமல் எவ்வாறு செலுத்துவது என்பதே இத்துறையின் தீராத சிக்கல். நீரைப் படிப்படியாக மதுசாரம் அல்லது அசற்றோனால் மாற்றிப் பின்னர்ப் பிசினைப் புகுத்துவது ஒரு வழி. நாரை மெல்லிய தாளாக வார்த்துப் பிசினில் ஊறவைப்பது இன்னொரு வழி. இழையின் மேற்பரப்பில் அசற்றைல் கூட்டத்தைச் சேர்த்து அதன் நீர் விருப்பைக் குறைப்பது மூன்றாவது வழி. நன்றாகப் பிரிந்து பரவினால் சிறிதளவு இழையும் பிசினின் விறைப்பையும் வெடிப்பைத் தடுக்கும் ஆற்றலையும் உயர்த்தும். கட்டியாகத் திரண்டால் அக்கட்டியே வெடிப்புத் தொடங்கும் இடமாகும். மண்ணைச் சரியாக மிதிக்காமல் வைக்கோலைக் கும்பலாக விட்டால் சுவர் அவ்விடத்திலேயே உதிரும் என்பதைக் குடியானவன் அறிந்திருந்தான் அன்றோ!

2019 ஆம் ஆண்டு தோக்கியோ மோட்டார்க் கண்காட்சியில், உடற்பகுதிகள் பலவற்றில் செலுலோசு நனோநார் சேர்ந்த மோட்டார் வண்டி ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அது ஒரு மாதிரி வண்டியே. வீதிக்கு விற்பனையாக வந்ததன்று. ஆயினும், செடியின் நார் போர்க்கால விமானத்தில் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிட்டது என்பதை அது அறிவித்தது.

பனையின் தும்பும் இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றுள்ளது. ஆந்திர நாட்டின் அனந்தப்பூரைச் சார்ந்த ஆய்வாளர்கள் பனம்பழத்தின் நுண்தும்பை நூற்றுக்கு ஐந்து பங்கு எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துச் சோதித்தனர். எட்டு மணி நேரம் ஊறிய தும்பின் வலிமையும் விறைப்பும் தெளிவாகக் கூடியிருந்தன. பழம் பிழிந்தபின் வீசப்படும் தும்புக்கும் எரிசோடாவுக்கும் உள்ள உறவு இங்கும் வெளிப்படுகின்றது.

இவற்றைக் கேட்டு, நாளையே வன்னி வைக்கோல் பொன்னாகிவிடும் என்று எண்ணுவது தவறு. வைக்கோல் முற்றிலும் கழிவுப்பொருளன்று; அது மாட்டுக்கு உணவு, வயலுக்கு எரு. அதிலுள்ள சிலிக்கா காரத்தில் கரைந்து காகித ஆலைகளுக்கே தொல்லை கொடுத்தது. கழுவிய கரிய நீரைத் தூய்மையாக்காமல் விட்டால் குளமும் கடனீரேரியும் கெடும். நனோநார் இன்றும் விலையுயர்ந்தது. எப்பொட்சி பெரும்பாலும் கனிய எண்ணெயிலிருந்து பெறப்படுவது. நார் செடியினது என்பதால் பிசின் மக்கிவிடப் போவதில்லை. கடலில் ஓடும் படகுக்கு, நீரை உறிஞ்சும் இயல்புடைய நார் இன்னும் முழுமையாக நம்பத்தக்கதாகவில்லை. இக்குறைகளை மறைத்துப் புகழ்வது அறிவியலுக்கும் அழகன்று, மக்களுக்கும் நன்மையன்று.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்னும் குளங்களின் கீழ் நெல் விளைகின்றது. அறுவடைப் பொறி வந்தபின் வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கமும் பரவியுள்ளது. அவ்வாறு புகையாகப் போகும் பங்கையேனும் பயன்படுத்தும் வழி ஆராயத்தக்கது. ஆராய்வோரும் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழினுட்பம், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2008 இல் தோற்றுவிக்கப்பட்ட இலங்கை நனோதொழினுட்ப நிறுவனம் ஓமாகமையில் உள்ளது. உப்பு ஆனையிறவில் மீண்டும் விளைகின்றது. பழைய சங்கிலியின் கண்ணிகள் பல மீண்டும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துள்ளன. இடையிலுள்ள கண்ணி, அதாவது பிரித்தெடுக்கும் தொழில், ஒன்றே இன்னும் இல்லை.

அது இல்லாதவரை நடக்கப்போவதும் வரலாற்றில் முன்னரே எழுதப்பட்டிருக்கின்றது. நனோநாருக்குச் சந்தை பெருகினால், வைக்கோலைக் கட்டுக் கட்டாக வாங்கிச் செல்ல வெளியார் வருவர். அன்று பனந்தும்பு கப்பலேறியது போல நாளை வைக்கோல் கப்பலேறும். தூரிகை திரும்பி வந்தது போலப் படகு திரும்பி வரும். விலையின் பெரும்பங்கு நாரில் இல்லை. நாரைப் பிரிப்பதிலும் பிசினோடு சேர்ப்பதிலும் இருக்கின்றது. பரந்தன் தொழிற்சாலை நடந்த முப்பது ஆண்டளவான காலம் கற்பித்த பாடம் இதுவே. அதன் சங்கொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். உப்பிலிருந்து எரிசோடா எடுத்த கைகளின் பழக்கமும், எந்த வால்வை எப்போது திறப்பது என்ற பட்டறிவும் எழுத்தில் இறங்காமலே மறையக்கூடும். அவர்கள் இருக்கும்போதே அந்த அறிவைக் கேட்டுப் பதிவது பல்கலைக்கழகங்களுக்கு அதிகச் செலவில்லாத பணி.

வன்னியில் நாருக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. மண்சுவர் வைத்த முன்னோர் நாரையும் மண்ணையும் தம் காலடியிலேயே கண்டு, இரண்டையும் சேர்க்கும் பதத்தையும் தாமே அறிந்திருந்தனர். அவர்களது பேரர்களின் வயலில் அதே வைக்கோல் கிடக்கின்றது. அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒருமுறை பரந்தனில் வந்து போயிற்று. அடுத்த முறை அது வரும்போது அதனை ஏற்பதற்கு ஆயத்தமாயிருப்பது, அறிவியல் நகரில் இன்று பயிலும் இளைஞர்களின் கடமையாகும்.